விற்பனை டாஷ்போர்டுக்கு எந்த வண்ணங்கள் பொருந்தும்?

விற்பனைக் குழுவின் டாஷ்போர்டுக்கு, அதாவது முக்கிய எண்களை ஒரே பார்வையில் காட்டும் திரைக்கு, வண்ணங்களைப் பரிந்துரைக்கக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். இத்தகைய திரைகளை வடிவமைப்பதுதான் என் தொழில். முதல் வரைவை எப்போதும் சாம்பல் நிறத்தில் மட்டுமே செய்கிறேன். சாம்பலில் புரியாத திரை வண்ணம் பூசினாலும் புரியாது.

அப்படிச் செய்ததும் முதலில் கண்ணில் படும் குறை, ஒப்பீடு இல்லாத எண்கள். 'இம்மாத ஆர்டர்கள் 4,200' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அது மகிழ வேண்டிய எண்ணா, கவலைப்பட வேண்டிய எண்ணா? இலக்கு எவ்வளவு என்பதை அருகிலேயே போடுங்கள். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் வணிகம் என்றால் சென்ற மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணுக்குக் கீழே கடந்த 12 மாதங்களின் போக்கைக் காட்டும் சிறிய கோடு ஒன்று இருந்தால் பாதிக் கேள்விகள் கூட்டத்துக்கு வரும் முன்பே தீர்ந்துவிடும்.

வேகமானி போன்ற வட்ட மானிகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். கார் ஓட்டுபவருக்கு இந்த நொடியின் வேகம் போதும். விற்பனையைக் கவனிப்பவருக்கு எங்கிருந்து இந்த நிலைக்கு வந்தோம் என்பதும் தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் அவ்வளவு இடத்தையும் மானி அடைத்துக்கொள்கிறது. வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் வட்ட விளக்கப்படத்திலும் சிக்கல் உண்டு. கிளீவ்லாந்து, மெக்கில் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட சோதனைகளின்படி, ஒரே அளவுகோலில் குறித்த புள்ளிகளின் இடங்களை நம் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. எனவே எட்டு மண்டலங்களின் விற்பனையைக் காட்ட, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய கிடைமட்டப் பட்டைகளே சிறந்தவை. பட்டைகள் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். 90-இல் தொடங்கினால் 95-ஐவிட 100 இரு மடங்காகத் தெரியும். பார்ப்பவரிடம் பொய் சொல்வதற்கு அது சமம். கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

இனி வண்ணம். எல்லாம் சாம்பலாக இருக்கட்டும். உடனே கவனிக்க வேண்டியதற்கு மட்டும் ஒரு அழுத்தமான நிறம். சிவப்பு, பச்சை இணையை மட்டும் நம்பாதீர்கள். சில மக்களினங்களில் ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு அவற்றைப் பிரித்தறிவது கடினம். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பானவை. கூடவே மேல்நோக்கிய அல்லது கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருக்கட்டும்.

நிறுவனத்தின் அடையாள நிறம் கட்டாயம் வேண்டும் என்று மேலிடம் சொன்னால், தலைப்புப் பட்டையில் வையுங்கள். தரவுக்குள் அதை விடாதீர்கள்.