ஆக்ஸிமோரானைக் கண்டு பயம் ஏன்?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், ஆங்கில வகுப்பில் வரும் ஆக்ஸிமோரான், ஓனோமடோபியா போன்ற பெயர்களைப் பார்த்தாலே மிரள்கிறாள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: மனப்பாடம் வேண்டாம், சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். ஆக்ஸிமோரான் என்பது எதிரெதிரான சொற்களை ஒட்டவைக்கும் முரண்தொடர். கிரேக்கத்தில் 'ஆக்ஸிஸ்' என்றால் கூர்மை, 'மோரோஸ்' என்றால் மழுங்கல், மந்தம், இரண்டையும் ஒட்டினால் 'கூர்மழுங்கல்', அதாவது முரணுக்கு வைத்த பெயரே ஒரு முரண் (வைத்தவர் குறும்புக்காரர்தான்!). ஆக்ஸிஜனில் இருப்பதும் அதே ஆக்ஸிஸ்தான், ஆனால் அங்கே புளிப்பு என்ற பொருளில். ஓனோமடோபியா என்றால் 'பெயர் உண்டாக்குதல்', அதாவது கேட்கும் ஒலியையே சொல்லாக்குவது, அவ்வளவுதான். கா கா என்று கத்துவது நமக்குக் காக்கா. ஆங்கிலத்தின் 'க்ரோ'வும் அந்தக் கத்தலில் பிறந்ததே. அப்புறம், 'கேட்டமரான்' எந்த மொழியிலிருந்து போனது என்று கேட்டுப்பாருங்கள். சத்தமாகச் சொன்னால் கட்டுமரம் தானாகக் காதில் விழும்.