கடவுச்சீட்டு உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்

அன்புத் தங்கச்சி,

கணவரின் ஸ்பொன்சரில் அடுத்த மாதம் கனடாவுக்கு, இந்த ஸ்காபரோவுக்கு வருவதாக எழுதி, குளிர் உடுப்பு, வேலை, வாடகை என்று பலதும் கேட்டிருக்கிறீர்கள். உடுப்பை இங்கு வந்து வாங்கலாம். மற்றவையும் வந்தபின் தெரியவரும். பத்திரங்களையெல்லாம் மாமியிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்களே, அதுதான் வழக்கமா என்று கடைசியில் கேட்டீர்களே, அதற்குத்தான் எழுதுகிறேன்.

2014 பெப்ரவரியில் நான் வந்திறங்கிய இரவே என் கடவுச்சீட்டும் வதிவிடப் பத்திரமும் மாமியின் அலுமாரிக்குள் போய், சேலைகளுக்கு அடியில் பூச்சியுருண்டை மணக்க மூன்று வருடம் கிடந்தன. பாண் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். சம்பளம் கணவரின் கணக்குக்குப் போனது. பேருந்துக்கு இரண்டு டோக்கன்களை ஒவ்வொரு மாலையும் மாமியிடம் கை நீட்டி வாங்க வேண்டும். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் நான். கணவர் அடித்ததுமில்லை, ஏசியதுமில்லை. அதனாலேயே இதை ஒரு குறையென்று சொல்ல எனக்கு நெடுநாள் வாய் வரவில்லை.

2012 ஒக்ரோபரில் வந்த விதிப்படி, பிள்ளையில்லாத புதுமணப் பெண் ஸ்பொன்சரில் வந்தால், இரண்டு வருடம் கணவனோடு சேர்ந்து வாழாவிடில் வதிவிட உரிமையை இழக்க நேரலாம். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு இருந்தது. அதை எனக்குச் சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை. 2017இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள். ஆகவே, பிரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாராவது வெருட்டினால் நம்பாதீர்கள். ஸ்பொன்சர் செய்தவர் மூன்று வருடம் உங்கள் அடிப்படைச் செலவுக்குப் பொறுப்பென்று அரசிடம் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதையும் மறவாதீர்கள். வந்த வாரமே சமூகக் காப்புறுதி இலக்கம் எடுத்து, உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் திறந்து, கார் ஓட்டப் பழகுமுன் எழுதவேண்டிய ஜி1 சாரதிப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குங்கள். நான் அலுமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்டதே அந்தப் பரீட்சைக்கு அடையாளம் காட்டத்தான். இன்று பனிப்புயலிலும் நானே கார் ஓட்டுகிறேன்.

எண்பதுகளில் வந்தவர்களில் பலர் தாங்கள் விட்டுவந்த ஊரையே இன்னும் பெண் பிள்ளைகளின் தலையில் சுமத்துகிறார்கள். மகன் விடியப்புறம் வந்தாலும் சோற்றைச் சூடாக்கிக் கொடுக்கும் தாய், நூலகத்திலிருந்து ஒன்பது மணிக்கு வரும் மகளிடம் யார் கொண்டுவந்து விட்டது என்று விசாரிப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஊரும் நம்மை விட்டுவிடவில்லை. அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த கொக்குவில் வீட்டை 2019இல் விற்கப்போனபோது, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார் நொத்தாரிசு. 1911ஆம் ஆண்டுச் சட்டம். "உன்ர வீட்டுக்கு என்ர கையெழுத்து ஏன்?" என்று பேனாவைப் பிடித்தபடி கணவர் கேட்டார். அன்றைக்குத்தான் அந்த அலுமாரியைப் பற்றி அவரோடு முதன்முதலாகப் பேசினேன்.