ஏஞ்சல்ஸ் டிரம்பெட் ஏன் பூக்கவில்லை? வெப்பமான ஊர்த் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏஞ்சல்ஸ் டிரம்பெட் என்பது ஊமத்தைதானே? பெயரை மாற்றி விற்கிறார்களா?

பதில்: நெருங்கிய சொந்தம்தான், ஆனால் வேறு பேரினம். ஊமத்தைப் பூ மேல்நோக்கி நிற்கும், காயில் முள் இருக்கும், செடி குத்தாகவே முடிந்துவிடும். ஏஞ்சல்ஸ் டிரம்பெட்டின் பேரினம் புருக்மான்சியா. பூ தலைகீழாகத் தொங்கும், காய் வழவழவென்று இருக்கும், தண்டு மரமாக முற்றும். விஷத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை: ஸ்கோபோலமைன், ஹயோசயமைன், அட்ரோபின். இலை, பூ, விதை, வேர் எதுவும் விதிவிலக்கல்ல. கிளை வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தேய்க்காதீர்கள். சாறு பட்ட கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து, பார்வை மங்கிவிடும்.

கேள்வி: வெயில் கடுமையான இடத்துக்கு எந்த வகை?

பதில்: சுவாவியோலென்ஸ், வெர்சிகலர், இன்சிக்னிஸ், இவற்றின் கலப்புகள். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகக் குழல் போன்ற பூவைப் படத்தில் பார்த்து மயங்கி சாங்குயினியாவை வாங்க வேண்டாம். அது ஆண்டிஸ் மலையின் உயரத்துச் செடி. இரவு குளிராவிட்டால் இலையோடு நின்றுவிடும்.

கேள்வி: நெஞ்சு உயரம் வளர்ந்துவிட்டது, ஒரே தண்டு, இலை தளதளவென்று இருக்கிறது. பூ மட்டும் இல்லை. என்ன உரம் போடலாம்?

பதில்: இங்கே உரம் பிரச்சினை இல்லை, கவட்டை இன்னும் வரவில்லை. இந்தச் செடி முதலில் ஒற்றைத் தண்டாக ஏறும். ஒரு கட்டத்தில் தண்டின் நுனியே மொட்டாக மாறும். அந்த மொட்டுக்குக் கீழிருந்து இரண்டு கிளைகள் பிரிந்து ஒய் வடிவில் மேலே போகும். முதல் மொட்டு பல நேரம் கடுகளவிலேயே உதிர்ந்துவிடுவதால் நமக்குக் கவட்டை மட்டும்தான் கண்ணில் படும். அதற்கு மேல் வளரும் பகுதிதான் பூக்கும் பகுதி.

எந்தக் கிளை எந்தப் பகுதி என்று இலையே சொல்லிவிடும். இலையின் அடியைக் காம்போடு சேரும் இடத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் சேர்ந்தால் கவட்டைக்குக் கீழ்ப்பகுதி. ஒரு பக்கம் சற்று ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கோணலாகச் சேர்ந்தால் பூக்கும் பகுதி. போத்து (நட்டு வேர்விடச் செய்யும் கிளைத்துண்டு) எடுக்கும்போது கோணல் இலை உள்ள கிளையாகப் பார்த்து எடுத்தால் செடி குட்டையாக இருக்கும்போதே பூக்கும். கவாத்து செய்தாலும் கவட்டைக்கு மேல் நாலைந்து கணு விட்டுத்தான் வெட்ட வேண்டும். கீழே வெட்டினால் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும்.

கேள்வி: இது சரியில்லை. நுனியைக் கிள்ளினால்தானே எந்தச் செடியும் கிளைத்துப் பூக்கும்? செம்பருத்தியில் எல்லாரும் செய்வதுதானே?

பதில்: செம்பருத்தி புதுத்தளிரின் இலைக்கக்கத்தில் பூக்கிறது. தளிர் கூடினால் பூவும் கூடும், அதனால் கிள்ளுவது அங்கே சரி. இங்கே கவட்டைக்குக் கீழே கிள்ளினால் மூன்று பக்கக்கிளை வரும். அந்த மூன்றும் தனித்தனியாக ஏறித் தனித்தனியாகக் கவட்டை விட வேண்டும்.

கேள்வி (அதே நண்பர்): நான் கிள்ளிய செடி அந்தப் பருவத்திலேயே பூத்ததே?

பதில்: நீங்கள் கிள்ளிய இடம் கவட்டைக்கு மேலே இருந்திருக்கும். கிள்ளிய கிளையின் இலையடியைப் பார்த்துவிட்டு வந்து வாதாடுங்கள்.

கேள்வி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு மரமாக வேண்டாம், புதர் போல வேண்டும். அப்போது கிள்ளலாமா?

பதில்: தாராளமாக. பூ தாமதமாகும் என்று தெரிந்தே கிள்ளுங்கள். முந்தைய நண்பருக்கும் இதற்குமேல் விட்டுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கேள்வி: போத்து அழுகிக்கொண்டே இருக்கிறது.

பதில்: பச்சைத் தண்டை எடுக்கிறீர்கள். பட்டை சாம்பல் பூக்கத் தொடங்கிய, பென்சிலைவிடத் தடித்த கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டுங்கள். நுனிக் கொழுந்தைத் தவிர மற்ற இலைகளை எடுத்துவிட்டு, இரண்டு கணு முங்கத் தண்ணீரிலோ பெர்லைட்டிலோ (மண்ணுக்குப் பதில் பயன்படும் இலேசான வெள்ளைத் துகள்) வைத்து, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் விடுங்கள். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் தண்டில் வெள்ளைப் புள்ளிகள் தடிக்கும், பிறகுதான் வேர். வேர் இரண்டு விரற்கடை வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள், நீண்டால் ஒடியும். கத்தியைத் துடைத்துவிட்டு, கையையும் கழுவுங்கள்.

கேள்வி: மதியம் இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. உடனே தண்ணீர் ஊற்றுகிறேன்.

பதில்: மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அகன்ற இலை; உச்சி வெயிலில் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியாது. சாயங்காலம் தானே நிமிர்ந்தால் கவலை இல்லை. விடியற்காலையிலும் துவண்டே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகல் அல்லது வேர்முடிச்சு நூற்புழு. அப்போது ஊற்றும் தண்ணீர் செடியைக் கொன்றுவிடும். காலை வெயில், மதிய நிழல் கிடைக்கும் இடம், 40 லிட்டருக்குக் குறையாத தொட்டி, வடிகால் துளை: இவை இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: செடி பூக்கவில்லை, என்ன செய்வது?

பதில்: கவட்டை வந்ததா? மேலே படியுங்கள்.

கேள்வி: கவட்டை இருக்கிறது, மொட்டும் வருகிறது. விரியும் முன்பே உதிர்கிறது.

பதில்: இது நல்ல கேள்வி. தொட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலே மொட்டு கழன்றுவிடும். இரவிலும் வெக்கை தணியாத மாதங்களில் உதிர்வு இயல்பு. இரவு குளிர ஆரம்பித்ததும் அலையாகப் பூக்கும். அதுவரை பட்டினி போடாதீர்கள், இது பெருந்தீனிச் செடி. 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள) நீரில் கரையும் உரம், லிட்டருக்கு 2 கிராம், வாரம் ஒருமுறை, ஈர மண்ணில் மட்டும்.

கேள்வி: கொழுந்து சுருண்டு, தடித்து, சிறுத்துப் போகிறது. பூச்சி எதுவும் தெரியவில்லை. இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்து அடித்தும் பயனில்லை.

பதில்: உங்கள் கண்ணுக்குத் தெரியாதுதான், ஏனென்றால் அது அகலச் சிலந்திப்பேன், வெறுங்கண்ணுக்குப் படாது. சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, அதனால் அந்த மருந்து வேலை செய்யாது. செஞ்சிலந்திப்பேன் இருந்தால் அதைப் பெருக்கவும் கூடும். நனையும் கந்தகத் தூள் 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி அடியுங்கள். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாவிட்டாலும் வேண்டாம், இலை கருகும்.

கேள்வி: வெள்ளையாக விரிந்த பூ அடுத்தடுத்த நாளில் இளஞ்சிவப்பாகிறது. நோயா?

பதில்: இல்லை. வெர்சிகலரின் குணம்.

கேள்வி: விதை போட்டால் அதே நிறம் வருமா?

பதில்: கலப்புச் செடியில் வராது. போத்துதான்.

கேள்வி: இலையைக் காயவைத்துப் புகைத்தால் மூச்சிளைப்புக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: கூடாது. எந்த இலையில் எவ்வளவு விஷம் என்று அளவே கிடையாது. குழந்தையோ நாயோ ஆடோ எது தின்றாலும் சரி, வாய் உலர்ந்து, பாப்பா விரிந்து, நெஞ்சு படபடத்து, பிதற்றல் தொடங்கும். மனிதரானால் உடனே மருத்துவமனை, கையில் ஓர் இலையோடு. வெட்டிய கிளைகளை மாட்டுத் தீவனக் குவியல் பக்கம் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுச் செடி ஏன் பூக்கவில்லை?

பதில்: இலையடியைப் பாருங்கள்.