தரையில் விழுந்த கையுறை

அன்புள்ள ஐயா,

ஒருவர் சவால் விட்டால் ஆங்கிலச் செய்திகளில் 'த்ரோ டவுன் த கான்ட்லெட்' என்று எழுதுகிறார்கள். கையுறையைக் கீழே போடுவதில் என்ன சண்டை? உண்மையிலேயே அப்படிச் செய்தார்களா, கதைகளில் மட்டும்தானா?

க.

அன்புள்ள க.,

உண்மையிலேயே செய்தார்கள். கான்ட்லெட் என்பது இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் கவசத்தோடு அணிந்த கையுறை. அதைக் கழற்றி ஒருவன் முன்னால் எறிந்தால், 'வா, மோதிப் பார்க்கலாம்' என்று பொருள். அவன் குனிந்து எடுத்துவிட்டால் சவாலை ஏற்றுக்கொண்டான்.

இந்த வழக்கம் போர்க்களத்தோடு நிற்கவில்லை, நீதிமன்றத்துக்குள்ளும் வந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. 1817 மே மாதம், பர்மிங்ஹாம் அருகே எர்டிங்டனில், மேரி ஆஷ்ஃபோர்ட் என்ற இளம்பெண் நீர் நிறைந்த பள்ளத்தில் பிணமாகக் கிடந்தாள். முந்தைய இரவு அவளோடு நடனமாடிய ஏப்ரகாம் தார்ன்டன் கைதானார். அவரை வேறிடத்தில் பார்த்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள், ஜூரி விடுவித்துவிட்டது. மேரியின் அண்ணன் வில்லியம் விடவில்லை. கொலையுண்டவரின் உறவினர் மறுபடி வழக்குத் தொடுக்க ஒரு பழைய சட்டம் இடம் கொடுத்தது. அதே பழைய சட்டம், குற்றம் சாட்டப்பட்டவர் வழக்குத் தொடுத்தவரோடு சண்டையிட்டுத் தீர்ப்பைப் பெறவும் இடம் கொடுத்தது!

அந்த நவம்பரில், லண்டன் நீதிமன்றத்தில், 'நான் குற்றவாளி அல்ல, என் உடலைக் கொண்டு அதை நிரூபிக்கத் தயார்' என்றார் தார்ன்டன். தோல் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, அதன் ஜோடியைத் தரையில் எறிந்தார். தார்ன்டன் கட்டுமஸ்தான கொத்தனார். வில்லியமோ மெலிந்த உடல்வாகு கொண்டவர். அவர் கையுறையை எடுக்கவில்லை. சண்டை நடந்து தார்ன்டன் தோற்றிருந்தால் அவருக்குத் தூக்கு. நட்சத்திரம் தோன்றும்வரை தாக்குப்பிடித்தால் விடுதலை.

1818 ஏப்ரலில் தலைமை நீதிபதி எல்லன்பரோவின் அமர்வு, தார்ன்டன் கேட்பது சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டது. தார்ன்டன் குற்றவாளியா என்பது வேறு கேள்வி. தங்கையைப் பறிகொடுத்தவனிடம், 'உடம்பில் தெம்பிருந்தால் அடித்து நிரூபி' என்று ஒரு நீதிமன்றம் சொல்லலாமா? வில்லியம் வழக்கைத் தொடரவில்லை. தார்ன்டன் விடுதலையாகிப் பின்னர் அமெரிக்கா போய்விட்டார்.

நாடாளுமன்றம் 1819இல் அந்தச் சண்டை உரிமையையும், உறவினர் தொடுக்கும் அத்தகைய வழக்கையும் சேர்த்தே ஒழித்தது.