'கிறிஸ்டியன்' என்ற சொல் எப்படி வந்தது? ஆர்.சி. என்றால் கிறிஸ்டியன் இல்லையா?

ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கரும் கிறிஸ்டியன்தான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லின் பிறப்பையும் கேட்டு, சிலர் ஏன் ஆர்.சி.யை மட்டும் தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு ஏதோ நடக்கிறது போலிருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் இந்தக் கேள்வி முளைக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்தது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர்கள். என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல பையன். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்து முடித்ததும் பையனுடைய பெரியம்மா அப்பாவிடம் கேட்டார்: "நீங்க கிறிஸ்டியனா, ஆர்.சி.யா?" அப்பா, "ஆர்.சி. கிறிஸ்டியன்தாம்மா" என்றார். "அப்போ பொண்ணு இன்னும் இரட்சிக்கப்படலயா?" என்று அந்த அம்மா அடுத்ததாகக் கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே அக்கறையோடுதான் கேட்டார். அதனால்தான் எங்களுக்கு அதிகம் வலித்தது. சில நாளில் தரகர் மூலம் சேதி வந்தது: பெண் தண்ணீரில் முழுவதும் மூழ்கி எடுக்கும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம், குழந்தையில் தலையில் தண்ணீர் ஊற்றியதெல்லாம் கணக்கில் வராது. அப்பா கோபப்படவில்லை. "அவ ஏற்கெனவே வாங்குன ஞானஸ்நானத்தை இல்லேன்னு சொல்லிட்டு இன்னொண்ணு வாங்க முடியாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சம்பந்தம் அதோடு நின்றது. எங்கள் கடற்கரையில் 1530-களிலேயே ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தது 1542-இல். அப்படிப்பட்ட குடும்பத்தைப் பார்த்து இன்னும் கிறிஸ்டியன் ஆகவில்லை என்று சொன்னால் மனது எப்படித் தாங்கும்?

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. அந்தக் கல்யாணப் பேச்சுக்குப் பிறகு ஆத்திரத்தில் தேடிப் படித்தவன்.

இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியது அந்தியோக்கியாவில் என்று புதிய ஏற்பாடே சொல்கிறது. திருத்தூதர் பணிகள் 11:26. உங்களிடம் பழைய வேதாகமம் இருந்தால் அப்போஸ்தலர் நடபடிகள் என்று இருக்கும். அந்த ஊர் இன்று துருக்கியில் அந்தாக்கியா. 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் தரைமட்டமானதே, அதே ஊர். 'கிறிஸ்து' என்றால் கிரேக்கத்தில் அபிஷேகம் செய்யப்பட்டவர், எபிரேயத்தில் மெசியா. அதோடு சேர்ந்திருக்கும் 'இயானோஸ்' என்ற விகுதி லத்தீனிலிருந்து வந்தது. ஒரு தலைவரைச் சேர்ந்த ஆட்களை அப்படித்தான் குறிப்பார்கள். மாற்கு நற்செய்தியில் வரும் ஏரோதியர் என்ற பெயரும் அதே வகை. நம் ஊரில் ஒருவரை "அவர் கட்சிக்காரர்" என்று தலைவர் பெயரோடு சேர்த்துச் சொல்வோமே, அது மாதிரி. கிறிஸ்துவின் ஆட்கள், அவ்வளவுதான் பொருள்.

பெயர் வைத்தது பெரும்பாலும் வெளியாட்கள்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. உள்ளே இருந்தவர்கள் தங்களைச் சீடர்கள், சகோதரர்கள், இறைமக்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் மூன்றே இடங்களில்தான் வருகிறது. அதில் ஒன்று அகிரிப்பா அரசன் பவுலிடம் பேசுவது. இன்னொன்று பேதுருவின் முதல் கடிதத்தில்: கிறிஸ்தவன் என்பதற்காகத் துன்பம் வந்தால் வெட்கப்பட வேண்டாம் என்கிறார். அந்தத் துன்பம் வெறும் பேச்சில்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியா என்ற ரோமானிய மாகாணத்தின் ஆளுநர் பிளினி, ரோமப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிடித்து வந்தவர்களிடம் "நீ கிறிஸ்தவனா" என்று இரண்டு மூன்று முறை கேட்டேன், ஆமாம் என்று விடாமல் சொன்னவர்களைக் கொல்ல அனுப்பினேன் என்று எழுதுகிறார். வேறு குற்றமே இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் ஒன்றே தண்டனைக்குப் போதுமா என்றும் அரசரிடம் கேட்கிறார்.

எனக்கு நெஞ்சு நிறைந்த இடம் இனிமேல்தான். அதே காலகட்டத்தில் அதே அந்தியோக்கியாவின் ஆயராக இருந்தவர் இஞ்ஞாசியார். மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் அவர் சில கடிதங்கள் எழுதினார். 'கிறிஸ்தவம்' என்ற சொல் நமக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளில் முதலில் வருவது அந்தக் கடிதங்களில். 'கத்தோலிக்கத் திருச்சபை' என்ற தொடர் முதலில் வருவதும் அவர் ஸ்மிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில்தான். இரண்டையும் எழுதியது ஒரே கை. கத்தோலிக்க என்றால் அங்கே முழுமையான, எங்கும் உள்ள என்றுதான் பொருள். பின்னால் வந்த சபைப் பிரிவின் பெயர் இல்லை. அதனால் நான் ஆர்.சி.தான் அசல் என்று வாதாடவில்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். எங்களையும் அதே பெயரில் கூப்பிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கமெண்டில் சிலை, மாதா, ஜெபமாலை என்று ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு: அது வேறு விவாதம், தனிக் கேள்வியாகக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. இந்தச் சபை, அந்தச் சபை என்று இவ்வளவு பார்க்கிறவர்கள், நாங்களும் சேர்த்துத்தான், மணமகள் தேவை விளம்பரத்தில் முதலில் போடுவது சாதியை. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனி இடம் கேட்கிற ஊர்கள் உண்டு. அரசாங்கமும் சளைத்ததில்லை. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் ஒருவர் கிறிஸ்தவர் ஆனால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் ஆணையைத் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. என்னோடு படித்த நண்பன் இதனால் இழந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான்.

உங்கள் விஷயம் கல்யாணம்தான் என்றால், நிச்சயத்துக்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: எந்தக் கோயிலில் ஓலை வாசிப்பார்கள் (கல்யாண அறிவிப்பு), மறுபடியும் ஞானஸ்நானம் கேட்பார்களா. தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவி பெயரால் சி.எஸ்.ஐ.யிலோ லுத்தரனிலோ பெற்ற திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது, திரும்பக் கொடுப்பதில்லை. எதிர் வீட்டாரும் அதையே செய்வார்களா என்று அவர்களுடைய போதகரிடமே நேரில் கேளுங்கள். தரகர் வாய் வழியாக வேண்டாம்.