மறுவிற்பனை வீடு வாங்குவோர் கேள்விகள்: கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வீடு வாங்கி விற்கும் பத்திர வேலையை வழக்கறிஞர் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சிங்கப்பூரின் வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வரிசையிலேயே போகலாம்.

ஈசூன் வாசகர்: அக்கா, நாலறை வீடு ஒன்று பிடித்துவிட்டது. விலை 620,000 வெள்ளி. வேறொருவர் கொத்திக்கொண்டு போவதற்குள் இன்றே 1,000 வெள்ளி கொடுத்து ஆப்ஷன் வாங்கிவிடுங்கள் என்கிறார் ஏஜண்ட். வாங்கலாமா?

எச்எஃப்இ கடிதம் (வீவக தரும் தகுதிக் கடிதம்) கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஆப்ஷன் (பேசிய விலைக்கு வீட்டை உங்களுக்காக ஒதுக்கி வைக்கும் பத்திரம்) வாங்கவே முடியாது. 2023 மே மாதத்திலிருந்து இதுதான் விதி. உங்களுக்குத் தகுதி உண்டா, எவ்வளவு மானியம், வீவக எவ்வளவு கடன் தரும் என்பதெல்லாம் அந்த ஒரே கடிதத்தில் வந்துவிடும். வீடு தேடுவதற்கு முன்பே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்றே கையெழுத்து வேண்டாம். வீவக மதிப்பீடு ஆப்ஷனுக்குப் பிறகுதான் கிடைக்கும். 2014 மார்ச்சுக்கு முன்னால் மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினார்கள். இப்போது விலை பேசி, ஆப்ஷன் வாங்கி, அடுத்த வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பு 590,000 வெள்ளி என்று வந்தால் மிச்சம் 30,000 வெள்ளியை ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்குச் சிபிஎஃப் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தையும் தொட முடியாது, கடனும் கிடைக்காது. வீவக கடன் 2024 ஆகஸ்ட்டிலிருந்து 75 விழுக்காடுதான். அதையும் விலை, மதிப்பு இரண்டில் குறைந்ததன் மேல்தான் கணக்கிடுவார்கள். அப்புறம் முத்திரை வரி: 620,000 வெள்ளிக்கு 13,200 வெள்ளி.

ஆகவே முதலில் அதே வட்டாரத்தில் அதே அளவு வீடுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். மாடி எண்ணையும் மிச்சக் குத்தகையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். விற்பவர் கேட்கும் விலை அதைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு ரொக்கம் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆப்ஷன் காலம் 21 நாள். கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிந்துவிடும். அதற்குள் பின்வாங்கினால் கொடுத்த 1,000 வெள்ளி போகும். ஆப்ஷனைச் செயல்படுத்திய பிறகு, அதாவது வாங்குகிறேன் என்று கையெழுத்திட்ட பிறகு, பின்வாங்கினால் முன்பணம் முழுவதும் (5,000 வெள்ளி வரை) போகும், விற்பவர் வழக்குப் போடவும் வாய்ப்பு உண்டு.

செங்காங் வாசகர்: ஆப்ஷன் பணத்தை ஏஜண்ட் கையில் கொடுக்கலாமா?

கூடாது. வீடு வாங்கும் விற்கும் பணத்தை முகவர் கையாளுவதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. விற்பவரிடம் நேரடியாகக் கொடுங்கள். முகவரின் பதிவு எண்ணைச் சிஇஏ (சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் தானே பேசுகிறேன் என்று ஒரே முகவர் சொன்னால் விலகிவிடுங்கள். அதற்கும் அனுமதி இல்லை.

அங் மோ கியோ வாசகர்: 1970களில் கட்டிய வீடு. விலை குறைவு. பயப்பட வேண்டுமா?

பயம் தேவையில்லை, ஆனால் இரண்டு கணக்கு போட வேண்டும்.

முதலாவது குத்தகை. வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான். அதில் எவ்வளவு மிச்சம்? வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை வரவில்லையென்றால் நீங்கள் பயன்படுத்தக்கூடிய சிபிஎஃப் தொகையும் வீவக கடனும் குறையும். முப்பது வயதுத் தம்பதி என்றால் குறைந்தது 65 ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும். 1975இல் தொடங்கிய குத்தகைக்கு அவ்வளவு இல்லை.

இரண்டாவது கூரை. பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். குளியலறையிலும் சமையலறையிலும் அண்ணாந்து பாருங்கள். வீடு முழுக்கப் பழைய சாயம் இருக்க, ஒரு மூலையில் மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மேல்வீட்டுத் தரையிலிருந்து நீர் கசிந்தால் பொறுப்பு இரு வீட்டுக்கும் உண்டு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவி கிடைத்தால் பாதிச் செலவை அவர்கள் ஏற்பார்கள், மேல்வீடும் கீழ்வீடும் கால் கால் பங்கு தர வேண்டும். நன்றாக மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். சன்னல் ஓரக் கசிவு அப்போதுதான் தெரியும். இல்ல மேம்பாட்டுத் திட்டம் (பழைய வீடுகளை வீவக பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் திட்டம்) அந்த புளோக்கில் நடந்துவிட்டதா என்றும் விசாரியுங்கள். சுவர் இடித்த வீடாக இருந்தால் வீவக அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: இந்தியர் ஒதுக்கீடு நிறைந்துவிட்டது என்கிறார் ஏஜண்ட். அப்படியென்றால் அந்த புளோக்கில் நாம் வாங்கவே முடியாதா?

வாங்கலாம், ஆனால் இந்தியரோ ‘பிறர்’ பிரிவினரோ விற்கும் வீட்டை மட்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி இந்தியர், பிறர் என்ற பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு உச்சவரம்பு. இந்தியர் விற்று இந்தியர் வாங்கினால் விகிதம் மாறாது, அதனால் தடையில்லை.

பிடோக் வாசகர்: நீங்கள் சொல்வது சரியில்லை அக்கா. ஒதுக்கீடு நிறைந்ததால்தான் என் அண்ணன் வீட்டை விற்க முடியாமல் தவித்தார்.

தவித்தது உண்மையாக இருக்கும். ஆனால் அங்கே நிறைந்தது சீனர் வரம்பாகத்தான் இருந்திருக்கும். அது நிறைந்தால் சீனர் விற்பதைத்தான் சீனர் வாங்க முடியும், உங்கள் அண்ணன் வீட்டை வாங்க முடியாது. மீதமுள்ள சிறிய வட்டத்துக்குள் ஆள் தேட வேண்டும், விலை இறங்கும்.

தெம்பனிஸ் வாசகர்: அப்படியானால் வாங்கும் நமக்கு லாபம்தானே? அடித்துப் பேசலாமே?

இன்று மலிவாக வாங்கலாம். நாளை விற்கும்போது அதே நெருக்கடி உங்களுக்கு வரும். அதையும் எண்ணி விலை சொல்லுங்கள்.

பிடோக் வாசகர்: சிறுபான்மையினர் மட்டும் ஏன் இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டும்?

இதில் உங்கள் பக்கம்தான் நான். எல்லா இனமும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவது இந்த ஊருக்கு வேண்டும் என்று மனதார நம்புகிறேன். ஆனால் அதற்கான விலையை ஒரு குடும்பத்தின் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து எடுப்பது நியாயமில்லை. 2022இல் இப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை வீவக திரும்ப வாங்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். உங்கள் அண்ணன் இன்னும் விற்கவில்லையென்றால் உடனே வீவகவிடம் கேட்கச் சொல்லுங்கள். கொள்கையே வேண்டுமா என்ற விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

சுவா சூ காங் வாசகர்: மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் தொகையைச் சிபிஎஃப்பில் எடுக்கலாமா?

முடியாது. முதல் பதிலில் இருக்கிறது.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: நாங்கள் இருவருமே நிரந்தரவாசிகள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு என்ன வேறுபாடு?

இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும். வீவக கடன் கிடையாது, வங்கிக் கடன்தான், அதை எடுத்தால் வீட்டு விலையில் குறைந்தது 5 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். முதல் வீட்டுக்கே கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு. 620,000 வெள்ளி வீட்டுக்கு அது மட்டும் 31,000 வெள்ளி. இன வரம்போடு, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கென்று தனி வரம்பும் உண்டு: புளோக்கில் 8, வட்டாரத்தில் 5 விழுக்காடு. இரண்டையும் வீவக இணையப் பக்கத்தில் பாருங்கள். மாதந்தோறும் 1ஆம் தேதி மாறும்.

புங்கோல் வாசகர்: வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது. வாங்கலாமா?

வாஸ்து தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஹவ்காங் வாசகர்: மதிப்பீடு குறைவாக வந்தால் வங்கியில் கூடுதலாகக் கடன் வாங்கி அந்த இடைவெளியை அடைக்கலாம்தானே?

மூன்றாவது முறையாக வரும் கேள்வி இது. வங்கியும் மதிப்புக்கு மேல் உள்ள தொகைக்குக் கடன் தராது. ரொக்கம் இல்லையென்றால் அந்த விலைக்கு ஆப்ஷன் வாங்காதீர்கள்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: விற்பவர் பணம் வாங்கிய பிறகும் இரண்டு மாதம் தங்க வேண்டும் என்கிறார். வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டோம்.

வாய்மொழி போதாது. தற்காலிகத் தங்கல் நீட்டிப்பு என்று வீவகவில் முறை இருக்கிறது, மூன்று மாதம் வரை. மறுவிற்பனை விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டு முடிவதற்கு ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். ஆகவே உங்கள் வாடகை வீட்டு ஒப்பந்தத்தையும் அதற்கேற்ப நீட்டித்துக்கொள்ளுங்கள். அவர் தங்கும் நாளில் மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.