குன்னூர் பள்ளி அனுபவம் அமெரிக்காவில் செல்லுமா?

வணக்கம் சகோதரி. குன்னூர் உறைவிடப் பள்ளியில் நான்கு வருடம் அட்மிஷன் வேலை பார்த்ததை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அட்மிஷன் வேலைக்கு மதிக்குமா, அதற்கு எம்பிஏ படிக்கணுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் மதிப்பார்கள். ஆனால் ரெஸ்யூமேயில் 'விண்ணப்பங்களைக் கவனித்தேன்' என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேர் ஜூன் மழையில் ஸ்வெட்டரும் டிரங்குப் பெட்டியுமாக வந்து இறங்கினார்கள்? அந்தக் கடைசி விகிதத்தைத்தான் அங்கே 'யீல்டு' என்பார்கள். வேலையே அதைச் சுற்றித்தான். பழைய பதிவேட்டை எடுத்து இன்றைக்கே எண்ணிவிடுங்கள்.

எம்பிஏவைவிட உயர்கல்வி நிர்வாகத்தில் முதுகலை பொருந்தும். மாணவர் விசாவில், பாடம் நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். சேர்க்கை அலுவலகத்திலேயே கேளுங்கள். அப்புறம், ஹெச்-1பி என்கிற வேலை விசாவின் வருடத்துக்கு 65,000 பேர் என்ற உச்சவரம்பு அரசு அல்லது லாப நோக்கற்ற பல்கலைக்கழக வேலைக்குக் கிடையாது, அதனால் ஆள் தேர்வுக்கான குலுக்கலும் இல்லை.